கோழியின் குழி

மண்ணையே தொடாத மண்கிளறி ஒன்றை ஊசி அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

சங்கத் தலைவர் வீட்டு வரவேற்பறையில், கண்ணாடி அலமாரிக்கு நேர் மேலே, தனி விளக்குப் போட்டு அதை மாட்டியிருந்தார்கள். நாலு பல், வார்னிஷ் அடித்த மரக்கைப்பிடி. கீழே அலமாரியில் பழைய மருந்துப் பாட்டில்களும் மைக்கூடுகளும் பீங்கான் பொம்மைத் தலைகளும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட குப்பைமேடுகளில் கிடைத்தவை. எல்லாவற்றையும் தோண்டி எடுத்தது தானே என்றார் தலைவர். பழம்பொருள் சேகரிப்போர் சங்கத்தில் மற்றவர்கள் கடையில் வாங்குகிறவர்கள். குழியில் இறங்குகிறவர் அவர் ஒருவர்தானாம். அதனால்தான் தலைவராம்.

அலமாரியின் நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. போலீஸ் புகார் அந்தக் காலி இடத்துக்காகத்தான்.

ஊசி எட்டி, மண்கிளறியின் ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்தாள். சுருக்கென்றது. விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

"பாத்தும்மா, கூர்மையா இருக்கும்," என்றார் தலைவர் பெருமையாக.

"இதாலதான் எல்லாத்தையும் தோண்டினீங்களா சார்?"

"இதாலதான். இது என் மூணாவது கை."

இரண்டு கையிலும் ஒரு காய்ப்புக்கூட இல்லாத மனிதருக்கு மூன்றாவது கை எதற்கு என்று ஊசி கேட்கவில்லை. விரலைச் சப்பிக்கொண்டே வெளியே வந்தாள்.

வாசலில் காருடன் நின்றிருந்த மாமா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். "அந்தக் கிளறி மேல முதல் தடவையா ரத்தம் பட்டிருக்கு மச்சினி. இதுவரைக்கும் அது வேர்வையைக்கூடப் பாத்திருக்காது."

மாமா என்பவர் ஊசியின் அக்கா புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஸ்கூல் மூழ்கியது, கார் மட்டும் கரையேறியது. பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும் அந்தக் காரோடு சேர்த்து அவரையும் உதவியாளராக வைத்துக்கொள் என்று அக்கா அழுதபோது ஊசியால் மறுக்க முடியவில்லை. ஊசி என்ற பெயர் அவளுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வந்தது. உப்பிப்போய் வருகிற பொய் கிளெய்ம்களைக் குத்திக் காற்று இறக்குவதுதான் அங்கே அவள் வேலை. ஒருநாள் மேனேஜரின் மைத்துனருடைய கிளெய்மையும் குத்தினாள். மறுநாள் முதல் சொந்தமாகத் துப்பறியும் தொழில்.

இந்த வழக்கில் அவளுடைய கட்சிக்காரி, பழைய குப்பை தோண்டிப் பிழைக்கும் ஒரு பெண்மணி. நாள் முழுக்க மண்ணைச் சீய்ப்பதால் சந்தையில் எல்லாரும் கோழி என்று கூப்பிடுவார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். ஐம்பதை நெருங்கும் உடம்பு, ஐந்து ஆளுக்கு உண்டான வாய். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சந்தைக் கடையில் ஒரு நீலப் பாட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் விஷ மருந்து அடைத்து வைக்கிற வகை. இருட்டில் தடவினாலும் ஆள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று உடம்பெல்லாம் வரி வரியாகப் போட்டிருப்பார்கள். சங்கத்துப் பொருளாளர் கண்ணில் அது பட்டது. தலைவர் வீட்டு அலமாரியில் மூன்று வருஷமாகத் தான் பார்த்த பாட்டில் அது என்று அவர் ஓடிப்போய்ச் சொல்ல, தலைவர் அலமாரியைப் பார்க்க, இடம் காலி.

மலைச்சரிவில் மூடிக்கிடக்கும் பழைய காசநோய் ஆஸ்பத்திரியின் குப்பைமேட்டில், மூன்று வருஷத்துக்கு முன் தன் கையால் எடுத்தது என்றார் தலைவர். அதே குப்பைமேட்டில் போன வாரம் தான் எடுத்த வேறு பாட்டில் இது என்றாள் கோழி. ஒரே அச்சில் வார்த்த பாட்டில்கள். பாட்டிலுக்கு வாய் இருந்தும் பேசத் தெரியாது. சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு தெரியவில்லையென்றால் கோழியை உள்ளே வைத்துவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பாட்டில் அவருடைய மேஜை டிராயரில் தூங்கியது.

ஊசிக்கு அந்த மண்கிளறியைத் தொட்டதுமே முடிவு தெரிந்துவிட்டது. கோழியின் கிளறியை அவள் முந்தின நாளே பார்த்திருந்தாள். அதன் பற்கள் நுனி மழுங்கி, உருண்டையாக இருந்தன. அரத்தால் தேய்த்து மழுக்கியதே தான்தான் என்று கோழி சொன்னாள். கூர் இருந்தால் மண்ணுக்குள் படுத்திருக்கும் கண்ணாடியின் வயிற்றில் குத்திவிடுமாம். கூர்ப்பல் வைத்துக் குப்பை தோண்டுகிறவன் கண்ணாடித் தூள்தான் சேகரிக்க முடியும்.

ஆகவே தலைவர் தோண்டுகிறவர் இல்லை. தோண்டாதவர் பொய் சொல்கிறார். பொய் சொல்கிறவரின் புகார் பொய். ஊசிக்கு அது கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வெறும் காலுடன் சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைத் திருடி என்று சொல்ல, செருப்புக்கே தனி அலமாரி வைத்திருக்கும் ஒருவருக்கு எவ்வளவு சுலபமாக வாய் வருகிறது என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை வேகமாக ஓடும். சில சமயம் வழியைப் பார்க்காமலும் ஓடும்.

நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். கோழி பாட்டிலை எடுத்ததாகச் சொல்லும் குழியையே எல்லார் முன்னாலும் மறுபடி தோண்டிப் பார்த்துவிடலாம் என்றாள். தோண்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழியை மூடுவதற்கு முன் அந்த வருஷத்துக் காசு ஒன்றை அடியில் போடுவார்கள். பின்னால் வருகிறவன் காசைக் கண்டால், இது ஏற்கெனவே தோண்டிய குழி, இதற்குக் கீழே முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம் என்று தெரிந்துகொள்வான். கோழி போன வாரம் தோண்டியிருந்தால் குழியின் அடியில் இந்த வருஷத்துக் காசு இருக்கும். கதை முடிந்தது.

இன்ஸ்பெக்டருக்குப் பிடித்துப்போனது. தலைவர்கூடத் தயார் என்றார். கோழிக்கு மட்டும் திடீரென்று கால் வலித்தது. மழை வரும்போல் இருக்கிறது என்றாள். வானம் பளிச்சென்று இருந்தது. நாளைக்குப் போகலாமே என்றாள். இன்ஸ்பெக்டர் ஜீப் சாவியை எடுத்தார்.

ஊசி அப்போதே யோசித்திருக்க வேண்டும். வெற்றி மிதப்பில் இருக்கிறவர்கள் யோசிப்பதில்லை.

ஆஸ்பத்திரியின் சமையற்கட்டுக்குப் பின்னால் சரிவு செங்குத்தாக இறங்கியது. ஒரு காலத்தில் வாளி வாளியாக மேலிருந்து கொட்டியதெல்லாம் கீழே புதர் மண்டிக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் பீங்கான் சில்லு நெறிந்தது. இன்ஸ்பெக்டரும் தலைவரும் மேலேயே நின்றுகொண்டார்கள். பொருளாளர் தலைவருக்குக் குடை பிடித்தார். ஊசியும் மாமாவும் கோழியும் சரிவில் சறுக்கி இறங்கினார்கள்.

கோழி பழைய மஞ்சள் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். இடது கையுறையில் சுண்டுவிரல் கிடையாது. கத்தரித்து எடுத்த ஓட்டை வழியாக அவளுடைய சொந்தச் சுண்டுவிரல் எட்டிப் பார்த்தது. நாலைந்து இடம் தாண்டி, இடிந்த சுவரின் காலடியில் போய் நின்றாள்.

"இதுதான் குழி," என்றாள். குரலில் இறங்கிப்போன சுரத்து.

அந்த இடத்தின் மேல் இடுப்புயரத்துக்கு ஒரு முள்செடி வளர்ந்து, பூவும் பூத்திருந்தது.

மாமா செடியைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். தன் வழுக்கையைத் தடவினார். "ஒரு வாரத்துலயா இது இவ்வளவு வளந்துச்சு? போகும்போது இந்த மண்ணுல ஒரு கூடை எனக்கு வேணும் கோழியக்கா. தலையில தேய்ச்சுப் பாக்கறேன்."

கோழியின் ஐந்து ஆள் வாய் மூடியிருப்பதை ஊசி அப்போதுதான் கவனித்தாள். மேலே இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாங்க வழி இல்லை. ஊரைக் கூட்டி வந்தவளே அவள்தான்.

மாமா செடியைப் பிடுங்கிப் போட்டுத் தோண்ட ஆரம்பித்தார். வேர்கள் ஆழம் வரை பின்னிக்கிடந்தன. நெளிந்த எனாமல் கழிவுப்பாத்திரம் ஒன்று வந்தது. இதை யார் சேகரிப்பார்கள் என்று மாமா கேட்டார். அவசரம் வந்தவர்கள் சேகரிப்பார்கள் என்று அவரே பதிலும் சொன்னார். ஒரு பொம்மையின் கை வந்தது. பொய்ப்பல் செட்டில் பாதி வந்தது. அதை எடுத்துத் தலைவர் நிற்கும் திசையில் காட்டி, பொய்யில் பாதி கிடைத்துவிட்டது, மீதி மேலே நிற்கிறது என்றார். ஊசிக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அடுப்புச் சாம்பலின் கறுப்பு மண். அதற்கும் கீழே கெட்டியான செம்மண். மாமா நிறுத்தினார். ஊசி குழிக்குள் இறங்கி மண்டியிட்டு, கையால் துழாவினாள். குளிர்ச்சியாக, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

மஞ்சள் ரப்பர். ஒரு கையுறையின் சுண்டுவிரல், வாயில் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே காசு.

முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். காசை உள்ளங்கையில் கொட்டி, வருஷத்தைப் படித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய காசு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. இந்தக் குழியை யாரும் போன வாரம் தோண்டவில்லை. மூன்று வருஷம் முன்னால் தோண்டி மூடியதுதான். எந்த வருஷத்தில் பாட்டில் தன்னிடம் வந்ததென்று தலைவர் சொன்னாரோ, அதே வருஷம். ஊசி தலையைத் தூக்கிக் கோழியைப் பார்த்தாள். குழி விளிம்பில் நின்ற கோழி வேறு எங்கோ பார்த்தாள்.

"என்னம்மா, கிடைச்சுதா?" மேலிருந்து இன்ஸ்பெக்டர்.

மாமா பக்கத்தில் குனிந்தார். குரலை அடக்கினார். "மச்சினி, என் பாக்கெட்ல இந்த வருஷக் காசு ஒண்ணு இருக்கு. நான் தும்மறேன், நீ மாத்திடு."

ஒரு கணம் ஊசியின் கை நீளத்தான் பார்த்தது. ஒரு பக்கம் கோழிக்கு லாக்கப். இன்னொரு பக்கம் வார்னிஷ் அடித்த மண்கிளறி. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பொய்யைச் சகிக்க முடியாமல் சம்பளத்தை விட்டவள், சில்லறையிலா அதைத் தொடங்குவாள்?

அப்போதுதான் அவளுக்குக் கையில் காசைத் தவிர இன்னொன்றும் இருப்பது உறைத்தது. ரப்பர் விரலை முஷ்டிக்குள் மடக்கிக்கொண்டாள். காசை மட்டும் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள்.

இன்ஸ்பெக்டர் வருஷத்தைச் சத்தமாகப் படித்தார். தலைவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"என் காசு," என்றார். "சொன்னேன்ல? என் குழி, என் காசு."

பொருளாளர் குடையோடு சேர்த்துத் தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் கீழே நின்ற கோழியை மேலே வரும்படி கையைக் காட்டினார். அந்தக் கை காட்டலில் விலங்கு இருந்தது.

ஊசி அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கஷ்டமான காரியம் அது ஒன்றுதான். "தப்பு என் பேர்லதான் சார். ஆனா இந்தக் காசு வைக்கிறதைப் பத்தி நான் யார் வாயாலயும் நேர்ல கேட்டதில்லை. எப்படி வச்சீங்க?"

தலைவருக்கு மேடை கிடைத்துவிட்டது. தனியாளாகத் தோண்டியதைச் சொன்னார். சூரியன் சாய்ந்ததைச் சொன்னார். பாட்டிலை வேட்டைக்காரன் மானைத் தூக்குகிற மாதிரி தோளில் வைத்துக்கொண்டதைச் சொன்னார்; உள்ளங்கையளவுப் பாட்டில் தோளில் எப்படி நின்றது என்று மாமா கேட்கப்போக, ஊசி அவர் காலை மிதித்தாள்.

"அப்புறம் காசு?"

"அப்புறம் குழியில குனிஞ்சு, இந்தக் கையால அடிமண்ணுல அழுத்தினேன். வெறும் காசு, வெறும் கை. அந்த ஈரம் இப்பவும் விரல்ல இருக்கு."

"கையுறை?"

"கையுறை போட்டுத் தோண்டறவன் தோண்டறவனே இல்லைம்மா."

ஊசி முஷ்டியைத் திறந்தாள். மஞ்சள் ரப்பர் விரலும் அதன் கழுத்தில் நூலும் மண்ணோடு அப்படியே இருந்தன. காசு இதற்குள்தான் இருந்தது என்றாள். நூலில் தன் பல்தடம்கூட இருக்கிறது என்றாள். இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் பார்த்தார். சரிவேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற கோழியின் இடது கையைப் பார்த்தார். அவளுடைய சுண்டுவிரல் ஓட்டை வழியாகக் காற்று வாங்கியது. ஒவ்வொரு ஜோடிக் கையுறையிலும் முதலில் தான் செய்கிற வேலை விரலைக் கத்தரிப்பதுதான் என்றாள் கோழி. காசு அரிக்காமல் இருக்குமாம்; பின்னால் வருகிறவனுக்கு வருஷம் தெளிவாகத் தெரிய வேண்டாமா?

இன்ஸ்பெக்டர் ரப்பர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மூணு வருஷம் முன்னாடி இந்தக் குழியைத் தோண்டினது இந்தம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "போன வாரம்னு எங்கிட்ட சொன்னது பொய்."

"பொய்தான் சார்," என்றாள் ஊசி. "அதை அவங்ககிட்ட நீங்க கேளுங்க. அதுக்கு முன்னாடி இவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. இவங்க குழியில கிடைச்ச பாட்டில் இவர் வீட்டு அலமாரிக்கு எப்படிப் போச்சு?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. வாங்கினேன் என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பாட்டில் சட்டப்படி அவருடையது, கோழி திருடி. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு மண்கிளறியும், சாய்ந்த சூரியனும், தலைவர் நாற்காலியும் குழிக்குள் போகும். தலைவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் குடை லேசாக நகர்ந்து, வெயில் அவர் முகத்தில் விழுந்தது. பொருளாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமி, தன் பாட்டில் வீட்டில் வேறு எங்காவது இருக்கலாம் என்றார். இது வேறாக இருக்கலாம் என்றார். புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். பெட்ரோல் வீணானதற்கு இன்ஸ்பெக்டர் ஒரு பார்வை பார்த்தார். கோழியிடம், போலீசில் பொய் சொன்னால் அடுத்த தடவை நாக்கைக் குழிக்குள் போட்டு மூடிவிடுவேன் என்று எச்சரித்துவிட்டுப் பாட்டிலை ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது கோழி பின் சீட்டில், மடியில் பாட்டிலோடு, பாட்டுக்கூட முனகினாள். அவள் இரண்டாவது அடிக்குப் போவதற்குள் ஊசி தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். கார் நடுரோட்டில் முக்கி நின்றது. மாமாவின் மூக்கு ஸ்டியரிங்கை முத்தமிட்டது.

"வித்தீங்களா?" என்றாள் ஊசி திரும்பாமல்.

பாட்டு நின்றது.

"வித்தேன்," என்றாள் கோழி. "அந்த அலமாரியில இருக்கறது முக்காவாசி நான் எடுத்ததுதான். பின்வாசல் வழியாப் போவேன், குடுப்பேன், வருவேன். யார் தோண்டினதுன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு பேச்சு. சொல்லலை."

"அப்புறம் எதுக்குத் திருடினீங்க? நான் உங்களைத் திருடி இல்லைன்னு நம்பி ஊரையே கூட்டிட்டு வந்தேன்."

கோழி பாட்டிலின் வரிகளை விரலால் வருடினாள். அந்தப் பாட்டிலை எடுத்த அன்று சுவரோரம் மண் சரிந்து, இடுப்பு வரை புதைந்துபோனாளாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதாம். யாரும் வரவில்லை. கை இரண்டும் வெளியே இருந்ததால் மண்ணைப் பிடிப் பிடியாக அள்ளி எறிந்து, பொழுது சாய்கிற நேரத்தில் வெளியே வந்தாளாம். தலைவரிடம் பாட்டிலைக் கொடுக்கும்போது வாய் சும்மா இருக்காமல் அதையும் சொன்னாள். போன மாதம் சங்கத்து விழா. ஹாலில் நாற்காலி போடப் போயிருந்தாள். தலைவர் மைக்கைப் பிடித்தார். தான் இடுப்பு வரை புதைந்த கதையைச் சொன்னார். கத்தியதை, தொண்டை கட்டியதை, பிடிப் பிடியாக அள்ளியதை. ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோழியிடம், இவரல்லவா மனுஷர் என்றாளாம். அடுத்த தடவை அதே பின்வாசல் வழியாகப் போனபோது கோழி பாட்டிலை எடுத்து வந்துவிட்டாள்.

"பாட்டிலைத்தான் வித்தேன் தங்கச்சி," என்றாள் கோழி. "குழியை விக்கலை."

காருக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். மாமா மூக்கைத் தடவிக்கொண்டார். "ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு கேட்டிருக்கேன். ஊரான் விழுந்த குழியில உருண்டு எந்திரிச்சவனை இப்பத்தான் பாக்கறேன்."

ஊசிக்கு ஒரு சந்தேகம் மீதி இருந்தது. இந்த வருஷமும்தான் எத்தனையோ குழி தோண்டியிருக்கிறாய், அதில் ஒன்றைக் காட்டியிருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்குமே என்று கேட்டாள். கோழிக்கு அந்தக் கேள்வியே அசிங்கமாகப் பட்டது.

"அது கிடைச்சது அந்தக் குழியில. வேற குழியைக் காட்டினா அது பொய்யில்லையா?"

போலீசிடம் கூசாமல் புளுகியவள் குழி விஷயத்தில் புளுக மாட்டாளாம். ஊசி அவளைக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாதபோது அவள் வழக்கமாகச் சட்டம் பேசுவாள். விற்றது விற்றதுதான் என்றாள். பாட்டில் அவருடையது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் பின்வாசல் வழியாக வேண்டாம் என்றாள்.

தலைவர் முன்வாசல் கேட்டருகில் வந்தபோது சட்டை மாற்றியிருந்தார். தெருவில் வெளிச்சம் இன்னும் மீதி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குழாய் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கோழி பாட்டிலைக் கேட்டுக்கு மேலே நீட்டினாள். நீலம் மாலை வெயிலில் எரிந்தது. தலைவரின் கை தானாக எழுந்தது.

கோழி பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க வாங்கினது, எடுத்துக்கங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டு எடுத்துக்கங்க."

தலைவர் தெருவைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். முனகினார்.

"கேக்கலை," என்றாள் கோழி.

இன்னொரு தடவை சொன்னார். பக்கத்து வீட்டுக் குழாய் நின்றது. என்ன சார் என்று அங்கிருந்து குரல் வந்தது.

தலைவர் கேட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பாட்டில் இவங்க தோண்டினது," என்றார். "நான் வாங்கினது. மண்ணு சரிஞ்சு இடுப்பு வரைக்கும் புதைஞ்சதும் இவங்கதான்."

கோழி பாட்டிலை அவர் கையில் வைத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே போகத்தான் கால் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டு மதில் ஓரம் வந்தார். அந்தக் கதையை அவர் விழாவில் கேட்டவர். கை தட்டியவர். தலைவரை விட்டுவிட்டுக் கோழியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களாம்மா? இடுப்பு வரைக்குமா? அப்புறம் எப்படி வெளிய வந்தீங்க?"

கோழி மதிலில் முழங்கையை ஊன்றி, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க," என்று ஆரம்பித்தாள்.

ஊசி எஞ்சினை அணைக்கச் சொல்லி மாமாவுக்குக் கை காட்டினாள்.